அடிக்க வந்தவரை அண்ணன் என்றேன்

நீல மெத்தை. என் காலில் யாரோ இரவல் தந்த சப்பாத்து, பாதத்தைவிட இரண்டு விரல் நீளம். எதிரே ஓர் ஆள் வந்துகொண்டிருக்கிறார். உடம்பு முழுக்கச் சிவப்புப் பஞ்சு உடுப்பு. தலையில் பெரிய கூடு, கண் இருக்கும் இடத்தில் கம்பிவலை. வயலுக்குள் பன்றி வராமல் அப்பா கட்டி நிறுத்துகிற வெருளி, சம்பளம் கேட்டு எழுந்து வருவது போல இருந்தது.

அவர் பெயர் மார்ட்டின். காலையில் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்து, சீனி போதுமா என்று கேட்டவர். இப்போது அவர் தெருவில் என்னைத் தொட வரும் காமுகன். நான் செய்ய வேண்டியது மிகவும் சுலபமான வேலை. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே நீட்டி, அடிவயிற்றிலிருந்து, என் சொந்த மொழியில், கிட்ட வராதே என்று கத்த வேண்டும்.

எனக்கு முன்னால் போனவள் கத்திய கத்தலில் மண்டபத்துக் கண்ணாடி அதிர்ந்தது. சுவரோரமாக உட்கார்ந்திருந்த பல நாட்டுப் பெண்களும் என்னையே பார்த்தார்கள். ஒரு பெரிய தீவின் மானம் என் தொண்டையில் இருந்தது.

மூச்சை இழுத்தேன். வாயைத் திறந்தேன்.

"அண்ணன், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மார்ட்டின் நின்றார். பயத்தில் அல்ல. நான் சொன்னது காதில் விழவில்லையாம்.

தலைமைப் பயிற்சியாளர் ஹைக்கே மெத்தைக்கு வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, நரைத்த குட்டை முடி, கதவு போலத் தோள். நான் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். மூத்த சகோதரரே, தயவுசெய்து சற்று விலகி நில்லுங்கள் என்று மொழிபெயர்த்தேன். 

மார்ட்டின் உன்னுடைய சகோதரரா என்று கேட்டார் ஹைக்கே. இல்லை என்றேன். உனக்கு அப்படி ஒரு சகோதரர் இருக்கிறாரா? அண்ணனே இல்லை, நான்தான் மூத்தவள் என்றேன். பிறகு ஏன்?

எங்கள் ஊரில் பெயர் தெரியாத ஆம்பிளை எல்லாரும் அண்ணன்தான் என்பதை ஜேர்மனியில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் எப்படி விளக்குவது? பஸ் கொண்டக்டர் அண்ணன். மீன்காரர் அண்ணன். மண்ணெண்ணெய் வரிசையில் எங்களைத் தள்ளிவிட்டு முன்னால் போனவரையும், "அண்ணன், நாங்கதானே முதல் வந்த" என்றுதான் கேட்டோம். வயது கூடினால் அண்ணன் மாமாவாக மாறுவார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த மாற்றம்.

ஹைக்கே பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: தாக்க வருகிறவனுக்கு நீ குடும்பத்தில் இடம் கொடுக்கிறாய்.

எல்லாரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். என் முட்டாள்தனம் பல மொழிகளில் பதிவானது.

மிஸ்ஸின் முழங்கால்

நான் அந்த மெத்தைக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

மட்டக்களப்பு டவுனில் பெண்களுக்கான ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வெளிநாட்டுப் பயணம் வந்தால் அது டிரெக்டர் மிஸ்ஸுக்கு என்பது அங்கே எழுதாத சட்டம். சத்துணவுக் கருத்தரங்கு பாங்கொக்கில். மிஸ் போனார். குளத்து நீரைப் பங்கிடுவது பற்றிய கருத்தரங்கு மணிலாவில். அதற்கும் மிஸ் போனார். உண்மையான குளம் இருக்கிற உன்னிச்சைக்குப் போக மட்டும் அவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

இந்தத் தடவை வந்த அழைப்பில் 'யதார்த்தமான தற்காப்புப் பயிற்சி' என்று இருந்தது. யதார்த்தம் என்ற சொல் ஒரே பக்கத்தில் மூன்று இடங்களில். கடைசி வரியில், பங்குபற்றுவோர் பல தடவை நிலத்தில் விழ நேரிடும் என்று சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. மிஸ் அதை வாசித்துவிட்டு முழங்காலைத் தடவினார். அன்று பின்னேரமே, இளைய தலைமுறைக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்ற உயர்ந்த கொள்கை எங்கள் அலுவலகத்தில் பிறந்தது.

இளைய தலைமுறை என்றால் நான்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்தவள். இதை ஒவ்வொரு வாரமும் இந்தப் பத்தியில் எழுதுகிறேன் என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். உண்மைதான். அவருடைய குடும்பத்தில் எத்தனையாவது ஆளாக அவர் படித்தாரோ தெரியாது. முதல் ஆளாக இருந்திருந்தால் அவரும் எழுதியிருப்பார்.

பிரீஃப்கேஸ் வைத்திருப்பவர்

இந்தப் பயணத்தில் எனக்கு ஊர் சுற்றும் ஆசையைவிடப் பெரிய அவசரம் ஒன்று இருந்தது.

என் தங்கச்சி டிலக்சி ஏ.எல். உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு. டவுனில் படிக்கிறாள். கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து விடியப் புறப்படும் பஸ்ஸில் ஏறி, மண்முனைப் பாலத்தால் வாவியைத் தாண்டிப் போக வேண்டும். அதே பஸ்ஸில் கந்தோருக்குப் போகிற ஒருவர் இருக்கிறார். நெற்றியில் மூன்று வரித் திருநீறு, அயர்ன் பண்ணிய சட்டை, கையில் ஒரு கறுப்புப் பிரீஃப்கேஸ். பெயர் எழுதமாட்டேன். அவருடைய பிள்ளைகளும் இந்தப் பத்திரிகையை வாசிக்கக்கூடும். அதுகள் பாவம்.

பஸ்ஸில் எத்தனை ஆம்பிளைகளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தாலும், அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பின்னால்தான் நிற்பார். பிரீஃப்கேஸ் ஒரு கையில். மற்றக் கை என்ன செய்யும் என்பதைப் பெண் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆண் வாசகர்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டிலக்சி பல நாள் பொறுத்துப்போட்டு அம்மாவிடம் சொன்னாள். அம்மா அப்பாவிடம் சொன்னா. அப்பா கோபப்படவில்லை. அதுதான் எங்களுக்குப் பயம். அவர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"அடிச்சா வழக்கு. அடிக்காட்டி மானம். ஒண்டும் வேணாம். இஞ்ச பக்கத்துப் பள்ளிக்கூடத்தில சேந்து ஆர்ட்ஸ் படிக்கட்டும்."

ஆர்ட்ஸ் படித்து முடித்த நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அதை அவர் கவனிக்கவில்லை.

இஞ்சினியர் ஆகப் போகிற டிலக்சி, கொடியில் காய்ந்த தன் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை எடுத்து மடித்து, மறுபடியும் விரித்து, மறுபடியும் மடித்தாள். வீட்டில் ஒருத்தி படித்தால் ஊர் அதை அதிர்ஷ்டம் என்று சொல்லும். இரண்டாவதும் படித்தால்தான் அது அந்த வீட்டுப் பழக்கமாகும். எனக்கு அந்தப் பழக்கம் வேண்டும்.

அதனால் பேரம் பேசினேன். நான் வெளிநாடு போய் இதற்கென்றே உள்ள வித்தையைப் படித்து வந்து அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், அதுவரை பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டாம் என்றேன். அப்பா அரைமனதோடு சொன்னார்:

"சரி மனே. நீ வாற வரைக்கும் கொம்மா கூடப் போய் வரட்டும். மறுகா பாப்பம்."

அப்படித்தான் நான் ஜேர்மனிக்கும், அம்மா டவுன் பஸ்ஸுக்கும் ஒரே வாரத்தில் புறப்பட்டோம். அம்மா ஏறிய முதல் நாளே பிரீஃப்கேஸ்காரர் எழுந்து, "அக்கா, இரிங்க" என்று தன் இடத்தைக் கொடுத்தாராம். அந்த வாரம் முழுக்க அவர் ஒரு முனிவர். நான் தொலைபேசியில் கேட்டபோது அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னா:

"நல்ல மனிசன் போலதான் கிடக்கு புள்ள."

ஓட்டத்தில் எங்களுக்கு யார் ஈடு

யதார்த்தமான பயிற்சியின் முதல் பாடம்: ஓடு. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு. பொருளைவிட உயிர் பெரியது, ஓடுவதில் வெட்கமில்லை என்றார் ஹைக்கே. எல்லாரும் அதிசயத்தோடு தலையாட்டினார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஓடுவதற்குப் பட்டம் கொடுப்பதென்றால் வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரைக்குப் பட்டமளிப்பு விழாவுக்கு மண்டபம் போதாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஷெல் விழத் தொடங்கிய ஒரு காலையில் நாங்களும் ஓடினோம். அப்போது மண்முனையில் பாலம் இல்லை. ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் ஒன்றாக ஏற்றும் மிதவை ஒன்றுதான் வாவியைக் கடக்க. அதற்குப் 'பாதை' என்று பெயர். எங்களுக்குப் பாதையில் இடம் கிடைக்கவில்லை, யாரோ ஒருவருடைய தோணியில் போனோம்.

கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு என்று அம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவ அடைகாத்துக்கொண்டிருந்த கோழியைக் கக்கத்துக்குள்ளும், முட்டைகளை முந்தானைக்குள்ளும் கட்டிக்கொண்டு ஓடினா. குஞ்சுகள் அகதி முகாமில் பொரித்தன. அதுகளுக்குப் பதிவு இல்லை, நிவாரணமும் இல்லை.

முகாம் என்பது ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறை வாங்கு ஒன்றில் நான் முதன்முதலில் ஏறியது அங்கேதான். படிக்க அல்ல, படுக்க. தலைமாட்டில் கரும்பலகை. யாரோ ஒரு வாத்தியார் அழிக்க நேரமில்லாமல் விட்டுப்போன ஏழாம் வாய்ப்பாடு அதில் இருந்தது. வேறு பார்க்க எதுவும் இல்லாததால் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். எனக்கு இன்றைக்கும் மற்ற வாய்ப்பாடுகளைவிட ஏழுதான் கெதியாக வரும்.

இதில் பாதியை ஹைக்கேயிடம் சொன்னேன். கேட்டவர்களின் கண் கலங்கியது. ஒருவர் பின் ஒருவராக வந்து கட்டிப்பிடித்தார்கள். அன்று தேநீர் நேரத்தில் எனக்கு மட்டும் இரண்டு துண்டுக் கேக் கிடைத்தது. யுத்தத்தால் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த இழப்பீடு இதுவரைக்கும் அவ்வளவுதான்.

அவர்கள் பஸ் என்று சொன்னது

நான் வந்த காரியத்தை மறக்கவில்லை. பஸ்ஸில் என்ன செய்வது என்று கேட்டேன். ஹைக்கேக்கு மகிழ்ச்சி. பஸ் தாக்குதல் ஒன்றைத் தத்ரூபமாகச் செய்துபார்ப்போம் என்றார்.

கதிரைகளை இரண்டு வரிசையாக அடுக்கினார்கள். நடுவில் விட்ட இடைவெளியில் எங்கள் அப்பா உழவு மெஷினைத் திருப்புவார். அதில் நான் தனியாக நின்றேன். ஒரு கை தூரத்தில் மார்ட்டின். அவர் மெதுவாக, நான் தயாராக இருக்கிறேனா என்று பார்த்துப் பார்த்து, என் தோளில் ஒரு விரலை வைத்தார்.

முதலில் ஓர் அடி பின்னால் எடுத்துத் தூரத்தை உருவாக்கு என்றார் ஹைக்கே.

தூரம். எங்கள் காலை பஸ்ஸில் ஒருவர் இருமினால் ஏழு பேருக்கு வயிறு குலுங்கும். ஓர் அடி பின்னால் எடுத்தால் நான் இன்னொருவருடைய மடியில் இருப்பேன். அதை வைத்து அவர் என்மீது முறைப்பாடு கொடுக்கலாம்.

சனம் அவ்வளவு நெரிசலாக இருக்கும் என்று சொன்னேன். அப்படியானால் அடுத்த பஸ்ஸில் போ என்றார். அடுத்த பஸ் பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் வரும் என்றேன். பொலிஸை அழை என்றார். அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்கவில்லை. விருந்தாளியாகப் போன இடத்தில் ஆட்களைச் சங்கடப்படுத்தக் கூடாது.

ஆனால் ஹைக்கே கெட்டிக்காரி என்பதையும் சொல்ல வேண்டும். என் குரல்தான் அவருக்குக் கவலை. ஒருநாள் இடைவேளையில் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். குளிரில் மூக்கு கழன்று விழும் போலிருந்தது. உன் வாழ்க்கையில் எப்போதாவது உரத்துக் கத்தியிருக்கிறாயா என்று கேட்டார்.

கத்தாமல் என்ன? கதிர் முற்றுகிற காலத்தில் வயல் வட்டைக்குள் கிளி கலைக்கப் போனவள் நான். தகரத்தில் தட்டிக்கொண்டு நான் போடும் சத்தம் நாலு வரம்புக்கு அப்பால் வேலை செய்கிற அப்பாவுக்குக் கேட்கும். கிளிக்கு நான் மரியாதை கொடுத்ததில்லை. கிளியை அண்ணன் என்று கூப்பிட்டதும் இல்லை.

அப்படியானால் மார்ட்டினைக் கிளி என்று நினை என்றார் ஹைக்கே.

உள்ளே போனோம். அந்தச் சிவப்பு உடுப்பில் அது பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. எங்கள் நெல்லைத் தின்ன வருகிறார் என்று நினைத்துக்கொண்டு, வயிற்றிலிருந்து ஒரு 'ஹோஓஓய்' விட்டேன். மார்ட்டின் உண்மையாகவே பின்னால் சாய்ந்தார். பிறகு முழங்கை, முழங்கால், உள்ளங்கை எல்லாம் போட்டேன். பஞ்சுக்குள்ளிருந்து மெதுவாக நன்றி என்று ஒரு குரல் வந்தது. நல்ல மனிதர்.

கடைசி நாள் சான்றிதழ் தந்தபோது ஹைக்கே என் காதில் ஒரே ஒரு கட்டளை போட்டார். இனிமேல் அண்ணன் கிடையாது. நானும் தலையை ஆட்டினேன்.

முற்றத்தில் செயன்முறை

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, இரவு பஸ்ஸில் தூங்கி விழுந்து, செங்கலடிச் சந்தியில் முழித்து, வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சாப்பாடு முடிந்ததும் அப்பா வாங்கில் அமர்ந்தார்.

"எங்க, படிச்சதக் காட்டு பாப்பம்."

டிலக்சிதான் பிரீஃப்கேஸ்காரர். பிரீஃப்கேஸுக்கு அம்மாவின் வெற்றிலைப் பெட்டி. நெற்றியில் அவளே மூன்று வரி திருநீறு இழுத்துக்கொண்டாள். அந்த ஆளின் நடையை அவள் நடந்த விதத்தில் அம்மாவே சிரித்துவிட்டா. நான் முழங்கையைச் சுழற்றினேன். முழங்காலை உயர்த்தினேன். பக்கத்து வீட்டு நாய் எழுந்து போனது.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இதைச் செய்ய எவ்வளவு இடம் வேண்டும் என்று மட்டும் கேட்டார். நான் காட்டினேன். முற்றத்தில் பாதி.

அவர் எழுந்தார். போகும்போது முடிவைச் சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கு நாங்கள் இரண்டு பேரும் அந்த பஸ்ஸில் போகலாம். நாளைக்கும் அந்த ஆள் தன் வேலையைக் காட்டினால், நாளை மறுநாள் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய் விலகல் கடிதம் எடுப்பார்.

படுக்கும்போது டிலக்சியைச் சிரிக்க வைக்க மார்ட்டினை அண்ணன் என்று கூப்பிட்ட கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, சிரிப்பு அடங்கி, "ஏன் அக்கா, அது பிழையா?" என்று கேட்டாள். சர்வதேச அளவில் அது பிழை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

தயிர்

காலை. பஸ் வழக்கம் போல நிரம்பி வழிந்தது. டிலக்சி முன்னால் ஏறினாள். நான் அவளுக்குப் பின்னால் நிற்பதுதான் திட்டம். ஆனால் நடுவில் இரண்டு பேர் புகுந்துவிட்டார்கள். என் காலடியில் ஒரு பெண் தயிர் நிறைந்த மண் முட்டிகளை அடுக்கி வைத்தா. டவுனுக்குத் தயிர் கொண்டுபோகிற, நல்ல உயரமான மனுசி. என் வலக்கை ஒருவருடைய முதுகுக்கும் இன்னொருவருடைய குடைக்கும் நடுவில். முழங்காலைத் தூக்கினால் அந்த ஆள் விழுவாரோ தெரியாது, தயிர் நிச்சயம் விழும்.

இரண்டு தரிப்புக்கு அப்பால் அவர் ஏறினார். திருநீறு, அயர்ன், பிரீஃப்கேஸ். சனத்துக்குள் நீந்தி வந்து சரியாக டிலக்சிக்குப் பின்னால் நின்றார். அம்மா இல்லை என்பதைப் பார்த்திருப்பார். வேலைக்கு அடுத்த பஸ்ஸில் போகிற என்னை அவருக்குத் தெரியாது. அவருடைய தோள் அசைவதைக் கண்டேன். டிலக்சியின் இரட்டைப் பின்னல் விறைத்து நின்றதைக் கண்டேன்.

ஜேர்மனியில் படித்த அத்தனையும் என் உடம்புக்குள் தயாராக இருந்தது. வெளியே வர ஓர் அங்குல இடமில்லை. வாயாவது கத்தட்டும் என்று மூச்சை இழுத்தேன். அதற்குள் டிலக்சி முந்திக்கொண்டாள்.

"அண்ணன்."

கத்தவில்லை. வகுப்பில் விடை சொல்வது போலத் தெளிவாகச் சொன்னாள். எங்கள் பஸ்ஸில் அண்ணன் என்று ஒரு பிள்ளை கூப்பிட்டால் பாதி பஸ் திரும்பும். திரும்பியது.

"பிரீஃப்கேஸ் வச்சிரிக்கிற அண்ணன். உங்கட கை என்ட இடுப்பில இரிக்கு. அத எடுத்துப்போட்டு நில்லுங்க."

ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை யாரோ நிறுத்தினார்கள். அவர் முகத்தில் இருந்த திருநீறு மட்டும்தான் நிறம் மாறவில்லை.

"என்ன புள்ள கதைக்கிறாய்? சனம் நெரிக்குது, பட்டிரிக்கும். என்ட தங்கச்சி மாதிரி நீ."

அவ்வளவே போதும். ஹைக்கேக்குக் கொடுத்த வாக்கு அந்த நிமிடத்தோடு முடிந்தது. ஆனால் அவர் கற்றுத்தந்த இடத்திலிருந்துதான் என் குரல் வந்தது. வட்டையில் கிளி கலைத்த அதே குரல்.

"தங்கச்சி எண்டு அண்ணனே சொல்லிட்டார், எல்லாரும் கேட்டீங்கதானே? வீட்டில தங்கச்சிமாருக்குப் பின்னாலயும் இப்பிடித்தான் நிப்பீங்களா அண்ணன்?"

எங்கோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு இன்னொருத்தி. பின் வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள், "ஓம் அக்கா, இந்த அண்ணன்தான்" என்றார்கள். அவர்களுக்கும் அவரை நன்றாகத் தெரிந்திருந்தது. யாரும் அவரை அடிக்கவில்லை. ஒரு தூசண வார்த்தை கூட இல்லை. தயிர்க்கார மனுசிதான் குனிந்து இரண்டு முட்டிகளை எடுத்தா.

"இஞ்ச வாங்க அண்ணன். இத ஒருக்காப் பிடிங்க. கைக்கு வேலையில்லாமத்தானே உங்களுக்குக் கரைச்சல்."

என்ன செய்வார்? அடித்தால் திருப்பி அடிக்கலாம். ஏசினால் ஏசலாம். அண்ணன் என்று கூப்பிட்டு ஒரு பெண் பாரத்தை நீட்டினால் வாங்காமல் இருக்க எங்கள் பக்கத்தில் எந்த ஆம்பிளைக்கும் பழக்கமில்லை. பஸ்ஸே பார்த்துக்கொண்டிருக்கிறது. வாங்கினார். ஒரு கையில் ஒரு முட்டி, மற்றக் கையில் மற்ற முட்டி. பிரீஃப்கேஸை ஒருவர் வாங்கி, தலைக்கு மேலால் கை மாற்றி, கை மாற்றி, அது சாரதிக்குப் பக்கத்தில் போய் இருந்தது.

மண்முனைப் பாலம் வந்தது. வாவிக் காற்று யன்னலால் அடித்தது. பிடிக்க ஒரு கையும் இல்லாமல், பஸ் குலுங்கும்போதெல்லாம் அவர் தயிரோடு ஆடினார். "அண்ணன், கவனம்", "அண்ணன், சரிச்சுப்போடாதீங்க", "அண்ணன், நேரா நில்லுங்க" என்று நாலு பக்கத்திலிருந்தும் அன்பான குரல்கள். கொண்டக்டர் தம்பி வந்து, தயிருக்கும் சேர்த்து டிக்கட் எடுக்கிறாரா என்று கேட்டான்.

டிலக்சி யன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அவளுடைய முதுகு குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை.

வெள்ளைச் சட்டை

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார். ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் போவார். எங்களுக்கு மட்டும் மரியாதை தெரியாதா? பஸ் அவரைத் தாண்டும்போது யன்னல்களிலிருந்து அண்ணன் என்று கூப்பிட்டுக் கை காட்டுவோம். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஹைக்கே தொலைபேசித் திரையில் வந்து, எந்த அடியைப் பயன்படுத்தினாய் என்று ஆவலோடு கேட்டார். அண்ணன் என்று கூப்பிட்டோம் என்றேன். பிறகு, அடிவயிற்றிலிருந்தா என்று கேட்டார். ஓம் என்றேன். அப்படியானால் சரி என்றார். தயிர் விஷயத்தை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

ஆனால் அன்று பின்னேரம் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே பயம். பஸ்ஸில் நடந்த கதை எங்களுக்கு முன்பே ஊருக்கு வந்திருக்கும். பிள்ளையின் பெயர் நாலு பேர் வாயில் விழுந்துவிட்டது என்று ஒரு தகப்பன் நினைத்தால் முடிந்தது. அவள் வென்றதற்காகவே பள்ளிக்கூடத்தை நிறுத்தலாம். அப்படி நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

அப்பா முற்றத்தில் குந்தியிருந்து மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அம்மா கதவு நிலையில். கதை வந்துவிட்டது என்பது அம்மாவின் முகத்திலேயே தெரிந்தது.

"அடிச்சீங்களா?" நிமிராமல் கேட்டார்.

"இல்ல அப்பா."

"ஏசினீங்களா?"

"இல்ல. மரியாதையாத்தான் கூப்பிட்டம்" என்றாள் டிலக்சி.

சுரண்டும் சத்தம் நின்றது.

"மறுகா?"

"மறுகா தயிர் பிடிச்சார்."

அப்பா மறுபக்கம் திரும்பி இருமினார். நீண்ட இருமல். அம்மா கதவு நிலையிலிருந்து, "பாத்தா நல்ல மனிசன் போலதான் கிடந்தது" என்று தன் பாட்டுக்குச் சொன்னா. அதைக் கேட்டதும் அப்பாவுக்கு இருமல் இன்னும் கூடியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். டிலக்சியைப் பார்க்காமல், கொடியைப் பார்த்துச் சொன்னார்:

"மத்த வெள்ளச் சட்டை காஞ்சிட்டா எண்டு பாத்து எடு புள்ள. மழை வாற மாதிரிக் கிடக்கு."

டிலக்சி ஓடினாள். நான் அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.